அப்பாவோடு மெரினா ஓரம் சைக்கிளில் போக எந்தப் பாதை, எந்த நேரம்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து ஒரு வார இறுதிக்குச் சென்னை வருகிறீர்கள். கூடவே 61 வயது அப்பா. ஒரு காலத்தில் தினமும் வேலைக்குச் சைக்கிளில் போனவர், இப்போது பெடலில் கால் வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. "கடலோரமாக ஈஸியான ஒரு பைக் ரைடு வேண்டும், வழியில் வரலாற்று இடங்கள் இருக்க வேண்டும், மகாபலிபுரம் வரை போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பைக் என்றதும் நம் ஆட்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். நீங்கள் கேட்பது மிதிக்கிற வண்டி. அதைவிட முக்கியமாக, நீங்கள் கேட்பது அப்பா மூச்சு வாங்காமல், பின்னால் வரும் ஹாரனுக்குப் பதறாமல், நினைத்த இடத்தில் இறங்கி எதையாவது பார்த்துவிட்டு மறுபடி ஏறக்கூடிய ஒரு பாதை. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

நான் கட்டுமானப் பொறியாளர். வேலையில் பாதிக்கு மேல் கடற்கரை அளவை, அலைத்தடுப்புச் சுவர் என்று கரையைச் சுற்றியே போனது. ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டுவது பதினோரு வருடப் பழக்கம், புதிதாக ஓட்ட வருபவர்களைக் கூட்டிப்போன அனுபவமும் உண்டு. மகாபலிபுரம் யோசனையை இப்போதே கைவிடுங்கள். நகரத்திலிருந்து ஒரு பக்கம் மட்டுமே 55 கிலோமீட்டர் பக்கம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் பேருந்துகளும் போகிற வேகத்துக்கு, பழக்கம் விட்டுப்போன ஒருவரை அங்கே இறக்கிவிடுவது நியாயமில்லை. அதுவும் பெயரில்தான் கடற்கரைச் சாலை, பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணுக்கே தெரியாது. உங்களுக்கு நான் சொல்வது போர் நினைவுச் சின்னத்தில் தொடங்கி, நேப்பியர் பாலம் ஏறி இறங்கி, காமராஜர் சாலை வழியாகக் கலங்கரை விளக்கம், அங்கிருந்து சாந்தோம். அப்புறம் அதே வழியில் திரும்பி, கடைசியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. ஒரு பக்கம் 6 கிலோமீட்டர், மொத்தம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மேடு என்று சொல்ல நேப்பியர் பாலத்தின் முதுகு ஒன்றுதான்.

இந்தத் திசையில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். வடக்கிலிருந்து தெற்கே போனால் உங்கள் இடது கைப் பக்கம் கடல். திரும்பி வடக்கே வரும்போது இடது கைப் பக்கம் பழைய கட்டடங்கள். போகும்போது கடல், வரும்போது கட்டடம். சாலையைக் குறுக்கே கடக்கவே வேண்டாம், திரும்புகிற இடத்தில் ஒரு முறை தவிர. கட்டடங்கள் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்பவை. காலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும். நீங்கள் திரும்பி வருகிற ஏழு, ஏழரை மணிக்குச் செங்கல் சிவப்பு நன்றாகத் தெரியும். மாலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும், எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

மாலை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது என் சொந்தத் தவறு. சில வருடங்களுக்கு முன் என் மாமனாரை, அவருக்கு அப்போது 64, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மெரினாவுக்குச் சைக்கிளில் கூட்டிப்போனேன். பாதி நகரம் அங்கே இருந்தது. சாலையோரம் கார் நிறுத்தக் கூட்டம், பாதி வழியில் பலூன்காரர், குறுக்கே ஓடும் குழந்தைகள், போதாததற்கு எதிர்க்காற்று. கண்ணகி சிலை வரை வந்துவிட்டு, "மாப்பிள்ளை, நான் ஆட்டோவில் வருகிறேன், நீங்கள் ரெண்டு வண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் போயும் விட்டார். இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். அந்த எதிர்க்காற்று தற்செயலாக வந்தது இல்லை. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலில் இருந்து காற்று உள்ளே வரும். கோடை மாதங்களில் பிற்பகலில் அது தென்கிழக்கிலிருந்து நன்றாகவே வீசும். தெற்கே போகிறவருக்கு அது நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். விடியலில் காற்று சாதுவாக இருக்கும். கோடைக் காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ லேசாக வரும், அதனால் போகும்போது சற்றுத் தடை, வரும்போது உதவி. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று என்பதால் கதை தலைகீழ், திரும்பும்போதுதான் கொஞ்சம் மிதிக்க வேண்டியிருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை மழைக்காலம், அந்த வாரங்களில் வராமல் இருந்தால் நல்லது.

புறப்படும் நேரத்தைச் சூரிய உதயத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மே இறுதியிலும் ஜூனிலும் சென்னையில் ஏறத்தாழ 5:42-க்கே சூரியன் வந்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6:35 ஆகும். உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்னால், கண் தெரிகிற வெளிச்சம் வந்ததும் தொடங்கினால் போதும். இருட்டில் தொடங்க வேண்டாம், பழக்கம் விட்டவருக்கு இருட்டும் பள்ளமும் சேர்ந்தால் பயம்.

சரி, பாதைக்கு வருவோம். போர் நினைவுச் சின்னம் முதல் உலகப்போரை ஒட்டி எழுப்பியது, பிறகு வந்த போர்களில் இறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கேயே சாலையோரம் ஓரமாக நாலைந்து வட்டம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கிறதா, சீட் உயரம் சரியா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் நேப்பியர் பாலம். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் காலத்தில், 1869-இல் கூவத்தின் முகத்துவாரத்தில் இரும்புப் பாலமாக வந்தது. இப்போது பார்க்கிற வில் வளைவுக் கான்கிரீட் பாலம் அதற்குப் பிறகு கட்டியது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த பாலம் இதுதான் என்று சொன்னால் அப்பாவுக்கு உடனே ஞாபகம் வரும். கூவத்தின் வாசனையும் அங்கே இலவசம். ஏறும்போது இறங்கித் தள்ளினாலும் தப்பில்லை.

பாலம் இறங்கியதும் இடது பக்கம் அண்ணா, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி நினைவிடங்கள். எம்.ஜி.ஆர் சமாதியில் காதை வைத்தால் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று இன்றும் வரிசையில் நின்று கேட்பவர்கள் உண்டு. 1987-இல் புதைத்த கடிகாரம் இன்னும் ஓடுமா என்று யோசித்துக்கொண்டே அவர்களும் காதை வைக்கிறார்கள். அது அவர்களுக்கும் எம்.ஜி.ஆருக்கும் இடையே உள்ள விஷயம். கொஞ்சம் தள்ளி உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகவும் போய்ப் பாருங்கள், முதுகுத் தசையிலும் கெண்டைக்காலிலும் சிற்பி எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்று தெரியும். இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டத்தை இந்தச் சிலை இருக்கிற இடத்தோடு முடிச்சுப் போட்டுப் பலர் சொல்வார்கள். உறுதியானது இவ்வளவுதான்: 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டம் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். சிலை வந்தது அதற்கு 36 வருடம் கழித்து. சிலை நிற்கிற அதே புள்ளியில்தான் கூட்டம் நடந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

இந்த இடத்தில் நின்று கடலைத் தேடுங்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல்! மெரினாவின் அகலம் சராசரியாக 300 மீட்டர் என்பார்கள். என் தொழிலில் இருந்ததால் எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்தது எந்தக் கட்டடமும் இல்லை, இந்த மணல்தான். ஏனென்றால் நூற்றைம்பது வருடம் முன்னால் இது இங்கே இல்லை. நம் கிழக்குக் கரையில் அலை சாய்வாக வந்து மோதும். மோதுகிற ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைக் கரையோரமாகவே நகர்த்தும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அது தெற்கிலிருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே வரும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் ஆற்றுக்குக் குறுக்கே 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அந்தச் சுவரை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. நின்றது குவிந்தது. குவிந்தது கடலைத் தள்ளிக்கொண்டே போனது. மெரினா பிறந்தது அப்படித்தான். 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் பாதை அமைத்து, இத்தாலிய நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார் என்பதைப் பலகைகளில் படிப்பீர்கள். பாதை அவருடையது, மணல் துறைமுகத்தினுடையது. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றுபோய், ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே கல் கொட்டி, தூண்டில் வளைவு என்கிற கல் தடுப்புகளைக் கடலுக்குள் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இங்கே நாம் சுண்டல் சாப்பிடுகிற மணலுக்கு அங்கே சிலர் வீட்டை விலையாகக் கொடுத்தார்கள். இதெல்லாம் ஊகமே இல்லை, அளந்து தெரிந்தது. அதனால் பாதை முழுவதும், துறைமுகச் சுவருக்கு முந்திய ஒவ்வொரு பழைய கட்டடத்தின் முன்னாலும் அப்பாவிடம் சொல்லுங்கள்: இதைக் கட்டியபோது அலை இந்தச் சாலைக்குப் பக்கத்தில்.

மேலே தெற்கே போனால் சிலைகள் வரிசை. 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தவை: வள்ளுவர், ஔவையார், கம்பர், போப், கால்டுவெல், வீரமாமுனிவர், பாரதி, பாரதிதாசன் என்று. கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அப்புறப்படுத்தி, 2006-இல் திரும்ப வைத்த கதை அப்பாவுக்கே தெரிந்திருக்கும். காந்தி சிலையும் 1959, அதுவும் ராய் சௌத்ரி கைதான். அந்தப் பக்கம் தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை மெட்ரோ ரயில் வேலை நடந்துவருவதால், தடுப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், சாலை திடீரென்று குறுகும். அங்கே மட்டும் இறங்கித் தள்ளுங்கள். கலங்கரை விளக்கம் 1977-இல் வந்தது, முக்கோண வடிவம், உயரம் 46 மீட்டர் பக்கம், மேலே போக லிஃப்ட் உண்டு. ஆனால் காலை பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள், திங்கள் விடுமுறை. சைக்கிள் காலையில் மேலே ஏற முடியாது. வேண்டுமானால் அன்று மாலையே பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்து வந்து ஏறுங்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம் போக இரண்டு வழி. ஒன்று பிரதான சாலை, மற்றொன்று நொச்சிக்குப்பம் ஓரமாகப் போகும் லூப் சாலை. அலை பக்கத்தில் தெரிவது லூப் சாலையில்தான், அதனால் அதைத்தான் சொல்வேன். ஞாயிறு காலை மீன் வாங்க வருகிற கூட்டம் இருக்கும், அது அவர்களுடைய இடம், அவர்களுடைய பிழைப்பு நேரம். மணி அடித்துக்கொண்டு போகாதீர்கள். மீன் கழுவிய தண்ணீர் தார்ச் சாலையில் ஓடினால் டயர் வழுக்கும். பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், நேராக மெதுவாகக் கடந்துவிடச் சொல்லுங்கள்.

சாந்தோம் தேவாலயத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். இங்கேதான் உறுதியையும் நம்பிக்கையையும் கொஞ்சம் பிரித்து வைக்க வேண்டும். இப்போது நிற்கிற கோதிக் பாணிக் கட்டடம் 1893-இல் தொடங்கி 1896-இல் முடிந்தது, இதில் சந்தேகமில்லை. அதற்கு முன் இந்த இடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டிய ஆலயம் இருந்தது, அதுவும் உறுதி. அதற்கும் முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்க்கோ போலோ இந்தக் கரையில் தோமாவின் கல்லறைக்கு யாத்திரிகர்கள் வருவதை எழுதியிருக்கிறார். ஆகவே நம்பிக்கை போர்ச்சுகீசியருக்கு முந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டு இங்கே அடக்கமானார் என்பது மரபு வழி வந்த செய்தி. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஒருமித்து ஏற்றுக்கொண்டது இல்லை. இன்னொரு கேள்வியும் இங்கே கட்டாயம் எழும்: பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில் இருந்ததா? ஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் மயிலையை அலை உலாவும் ஊராகப் பாடுகிறது, மாசிக் கடலாட்டைச் சொல்கிறது. சாந்தோம் பகுதியில் கோயில் கற்களும் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. கரையோரம் கோயில் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது, இப்போதைய கோயில் பின்னால் உள்ளே தள்ளிக் கட்டியது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் இந்தத் தூணுக்குக் கீழேதான், அந்தச் சுவருக்கு அடியில்தான் என்று விரலை நீட்டிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நான் வரலாறு படித்தவன் அல்ல. கரை நகர்வதை அளந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பழைய கரை எல்லையை இன்றைய வரைபடத்தில் வைத்துத் தேடினால் தவறான இடத்தில்தான் தேடுவோம்.

திரும்பும்போது பிரதான சாலை. இப்போது கட்டடங்கள் இடது கைப் பக்கம் வரும். முதலில் ராணி மேரிக் கல்லூரி, 1914-இல் தொடங்கியது, நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. 2003-இல் இதை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறார்கள் என்றபோது மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடித் தடுத்தார்கள். அடுத்து ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். இந்த வரிசையில் எனக்குப் பிடித்த கட்டடம் இதுதான். அமெரிக்காவில் பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக் கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கி வைத்தார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் கிடங்கு, 1842 வாக்கில் கட்டியது. படகிலிருந்து இறக்கிய ஐஸ் உருகுவதற்குள் உள்ளே போக வேண்டுமே, அதனால்தான் கட்டடம் கடலுக்கு அவ்வளவு பக்கத்தில். இன்று வாசலில் நின்றால் கடல் ஒரு நடைத் தூரம், நடுவில் மெரினா மணல். மணல் கதையைப் புரியவைக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்தது, கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்குப் போனது. 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே 9 நாள் தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தியதும் இதே கட்டடத்தில்தான். பலர் விவேகானந்தரோடு நிறுத்திவிடுவார்கள், சுப்புலட்சுமியையும் சொல்லுங்கள்.

அடுத்து மாநிலக் கல்லூரி. கல்லூரி 1840, இந்தக் கட்டடம் 1870. ராமனும் சந்திரசேகரும் படித்த இடம், ஒரே கல்லூரியிலிருந்து, ஒரே குடும்பத்திலிருந்து, இரண்டு நோபல் பரிசு. சேப்பாக்கம் அரண்மனையைத் தேடி ஏமாறாதீர்கள், அது சாலையிலிருந்து முழுதாகத் தெரியாது, அரசு அலுவலகங்கள் முன்னால் மறைத்து நிற்கின்றன. 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கட்டியது. 1855-இல் வாரிசில்லாமல் நவாப் இறந்ததும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 2012-இல் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்து, பிறகு பழைய முறைச் சுண்ணாம்புக் காரையோடு சீரமைத்தார்கள். கடைசியாகப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-இல் முடித்தது. மாநிலக் கல்லூரியும் அவர் கைவேலைதான். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஒருவர் நவாப் அரண்மனைக்குப் பக்கத்தில் வேலை செய்து, அதன் கும்மட்டத்தையும் வளைவையும் எடுத்துத் தன் கட்டடங்களில் போட்டார். இந்தோ சாரசெனிக் என்று இன்று சொல்கிற பாணிக்கு இந்தச் சாலை ஒரு தொடக்கப் பள்ளி மாதிரி.

நேப்பியர் பாலத்தை மறுபடி தாண்டினால் கோட்டை. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் நேரம்தான். நீங்கள் வந்து சேர எட்டரை ஆகும், கோட்டை அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் இளைப்பாறினால் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை அது விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் போலீஸ் சோதனை உண்டு, இருவரும் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை உள்ளே விடுவது அன்றைய பாதுகாப்பு நிலவரத்தைப் பொறுத்தது, பூட்டும் சங்கிலியும் கையில் இருக்கட்டும். 1639-இல் நிலம் வாங்கி அடுத்த வருடமே கட்டத் தொடங்கிய கோட்டை இது. செயின்ட் மேரி ஆலயம் 1680-இல் திறந்தது. கூரையை அண்ணாந்து பாருங்கள், மரமே இல்லாத கனத்த செங்கல் வளைவு, பீரங்கிக் குண்டு தாங்குவதற்காக. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் திருமணமும், 1753-இல் ராபர்ட் கிளைவ் திருமணமும் நடந்த இடம். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், முடியும் வரை வெளியே காத்திருங்கள்.

அருங்காட்சியகக் கட்டடத்தின் மேல்தான் 1796-இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிற கல் தூண், 1844-இல் ஏற்றியது. மூன்றாவது 1894 முதல் நீதிமன்றக் கோபுர உச்சியிலேயே. நான்காவதை நீங்கள் காலையிலேயே பார்த்துவிட்டீர்கள். அப்பாவுக்கு இன்னும் காலில் தெம்பு இருந்தால், கோட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக வடக்கே போய் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் கல்வெட்டைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று விழுந்ததன் நினைவு. "அவன் பெரிய எம்டன்" என்று ஊரில் சொல்வோமே, அந்த வார்த்தை கரை ஏறியது அந்த இரவில்தான்.

இப்போது சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம். கியர் வண்டி தேவையில்லை. சீட்டைக் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையைத் தொட வேண்டும். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் இதைத் தப்பு என்பார்கள், முட்டிக்கும் அது அவ்வளவு நல்லதல்ல, ஆனால் 12 கிலோமீட்டருக்கு முட்டியைவிடத் தைரியம் முக்கியம். அப்பா முன்னால் ஓட்டட்டும், நீங்கள் பின்னால், சாலைப் பக்கமாக ஒரு முழம் தள்ளி. பின்னால் வரும் வண்டிகள் உங்களைத்தான் முதலில் பார்த்து ஒதுங்கும், வேகத்தையும் அவரே முடிவு செய்வார். இடது ஓரம் ஓட்டும்போது பெரிய தொல்லை பேருந்து நிறுத்தங்கள். முன்னால் பேருந்து நின்றால் முந்தாதீர்கள், நின்று அது போன பிறகு போங்கள். கடல் பக்க உட்சாலையில் ஆள் குறைவாக இருந்தால் ஓட்டலாம். நடைபாதைக் கல் தளத்தில் வேண்டாம், அது நடப்பவர்களுக்கு. திரும்புகிற இடத்தில் சிக்னலில் இறங்கி, ஆட்களோடு ஆளாகத் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு 15-ஐ ஒட்டியும் அணிவகுப்பு, ஒத்திகை என்று இந்தச் சாலைகளை மூடுவார்கள், வருகிற தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நான் சொல்ல முடியாது. 61 வயதில், பதினைந்து வருடம் கழித்து, அப்பாவின் இதயமும் முட்டியும் இதற்குத் தயாரா என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. சமதளம், மெதுவான வேகம் என்பதால் பெரும்பாலும் நடைப்பயிற்சி அளவு சிரமம்தான் இருக்கும். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், நெஞ்சில் முன்பு ஏதாவது இருந்தது என்றால் திருச்சியிலேயே கேட்டுவிட்டு வாருங்கள். அதோடு புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் உங்கள் தெருவில் மூன்று நான்கு நாள், பத்துப் பத்து நிமிடம் ஓட்டட்டும். பேலன்ஸ் மறக்காது, உட்காரும் இடம்தான் மறந்திருக்கும். முதல் நாள் வலிக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

வாடகை வண்டி என்றால் சனிக்கிழமை மாலையே எடுத்துவைத்து, இரவு ஒரு தடவை டயரை அமுக்கிப் பாருங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது.